பாதியில நின்ன பின்னல் யாரோட குத்தம்?

கருமத்தம்பட்டியில் 'நிட்டிங்'னு சொன்னா யாருக்கும் ரெண்டு ஊசியும் ஒரு நூல் உருண்டையும் ஞாபகத்துக்கு வராது. வட்டமாகச் சுற்றும் மெஷின்தான் வரும். பக்கத்திலேயே சோமனூர் விசைத்தறி, கொஞ்சம் தள்ளிப் போனால் திருப்பூர் பனியன் கம்பெனி. நூல், துணி என்றாலே இங்கே கூலி, மீட்டர், பீஸ் ரேட் என்று கணக்கு ஓடும்.

ஆனாலும் கையால் பின்னுகிறவர்கள் இல்லாமல் இல்லைங்க. பிறக்கப்போகும் குழந்தைக்கு கம்பளித் தொப்பி, சாக்ஸ். டிவி மேல் போட குரோஷா விரிப்பு. மேட்டித் துணியில் கிராஸ் ஸ்டிட்ச் கிளி. ஒயர்க் கூடை. இப்போது கல்யாண ரவிக்கைக்கு ஆரி ஒர்க். முடிந்தவை கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே சுவரில் தொங்கும். முடியாதவை டிரங்குப் பெட்டியிலோ பரண் மேலோ, ஊசி குத்தினபடியே கிடக்கும். இந்தக் குறிப்பு பரண் மேல் கிடப்பதைப் பற்றியது. அதைவிட, அதைப் பற்றி நாம் பேசும் விதத்தைப் பற்றியது.

பாதியில் நின்ற கைவேலையை நாம் எப்போதும் குணக்குறையாகத்தான் படிக்கிறோம். "ஆரம்பிக்கிறதுல இருக்கிற சூரத்தனம் முடிக்கிறதுல இல்லையே" என்று வீட்டில் ஒரு பேச்சு. ஆங்கிலக் கைவேலை உலகத்தில் இதையே கொஞ்சம் சிரிப்போடு சொல்வார்கள். முடிக்காத வேலைக்கு அங்கே 'யு.எஃப்.ஓ' என்று பெயர், அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட் என்பதன் சுருக்கம். 2007ல் தொடங்கிய ராவல்ரி என்ற பின்னல்காரர்களின் தளத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிலை குறிக்கலாம்: நடக்கிறது, முடிந்தது, உறக்கத்தில், பிரித்தாச்சு. கடைசி நிலைக்கு அங்கே வைத்திருக்கும் சொல் தவளையோடு தொடர்புடையது. பிரித்துப்போடு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் தவளை கத்துகிற மாதிரி இருக்குமாம்.

நல்ல நகைச்சுவைதான். ஆனால் அந்த நான்கில் ஒன்றுகூட ஏன் நின்றது என்று கேட்பதில்லை. உறங்குவது பின்னலா, பின்னினவளா? அவளை எது எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனது? அதற்குப் பெட்டியே கிடையாது. என் குறை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கண்ணிக் கணக்கு

முதலில் வேலையின் அளவைப் பார்ப்போம். ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு 100 கண்ணி, 150 வரிசை என்று வைத்தால் 15,000 கண்ணி. ஒவ்வொன்றும் ஊசியால் தனித்தனியாக இழுத்தது. முன்பக்கமும் ரெண்டு கையும் இன்னும் பாக்கி.

இப்போது ஒரு 30 டயா, 24 கேஜ் மெஷினைப் பாருங்கள். அந்த வட்டத்தில் சுமார் 2,260 ஊசி இருக்கும். 90 ஃபீடர் என்றால், மெஷின் ஒரு சுற்று சுற்றும்போது 2 லட்சம் கண்ணிக்கு மேல் விழும். நிமிஷத்துக்கு 25 சுற்று ஓடினால் ஒரு சுற்றுக்கு இரண்டரை விநாடிகூட ஆகாது. கைப்பின்னலின் கண்ணி பெரிசு, மெஷின் கண்ணி பொடிசு, அதனால் துணி அளவில் இது நேர் ஒப்பீடு இல்லை. ஆனால் அசைவுக் கணக்கில், கையால் பல சாயங்காலங்கள் பிடிக்கும் 15,000 கண்ணி, மெஷினுக்கு ஒரு சுற்றில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த மெஷின்களுக்கு நடுவே வாழ்கிற ஊரில் ஒருத்தி கையால் பின்ன உட்காருகிறாள் என்றால் அது துணித் தேவைக்காக இல்லை. அவள் கொடுப்பது நேரம். நேரம் அவள் கையில் இல்லாமல் போகும்போது வேலை நிற்கிறது.

நேரத்தைத் தவிர மற்ற காரணங்களும் இருக்கின்றன. திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சாய லாட் மாறினால் நிறம் மாறும். கடையில் அதே நம்பர் நூல் கேட்டு வாங்கியிருப்பாள். வேறு லாட்டில் சாயம் ஏறியது என்றால் இடது கை ஒரு நீலம், வலது கை ஒரு நீலம். ஒரே நேரத்தில் மொத்த நூலையும் வாங்கக் கையில் காசு இருந்திருந்தால் அந்த ஸ்வெட்டர் முடிந்திருக்கும். இதில் சோம்பல் எங்கே இருக்கிறது? குழந்தைத் தொப்பிக்கு இன்னொரு கெடு: தலை வளர்ந்துவிடும். கண் பார்வை மங்கினால் கிராஸ் ஸ்டிட்சின் எண்ணிக்கை தப்பும். மாதிரிப் புத்தகம் இரவல் வாங்கினது என்றால் அது திரும்பிப் போயிருக்கும்.

எது பிரியும், எது நிற்கும்

எல்லாப் பாதி வேலையும் ஒரே மாதிரிப் பாதி இல்லை. ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் அத்தனை கண்ணியும் உயிரோடு ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஊசி உருவிக்கொண்டால் வரிசை வரிசையாக இறங்கும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும்; ஆனால் நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் வந்துவிடும். எம்பிராய்டரி அப்படி இல்லை. ஒவ்வொரு தையலும் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எங்கே நிறுத்தினாலும், அதுவரை போட்டது போட்டதுதான்.

அதனால் பாதியில் நின்ற எம்பிராய்டரி பல தலைமுறை தாண்டிப் பிழைக்கும். பாதியில் நின்ற பின்னல் அனேகமாக யாரோ ஒருவர் பிரித்து உருண்டையாகச் சுற்றியதாகவோ, ஊசித் துரு கறை பிடித்து எறிந்ததாகவோதான் முடியும். கைவேலை வரலாறு என்று நாம் சட்டம் போட்டுப் பார்ப்பதில் பின்னல்காரிகளின் பாதி வேலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிழைத்தவற்றில் ஒன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலிசபெத் பார்க்கர் என்ற பெண் 1830 வாக்கில் லினன் துணியில் சிவப்புப் பட்டு நூலால் போட்ட கிராஸ் ஸ்டிட்ச். பூ இல்லை, கிளி இல்லை, ஓரத்தில் கொடிகூட இல்லை. வரிக்கு மேல் வரியாக எழுத்து மட்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு கூலித் தொழிலாளியின் மகள் அவர். சின்ன வயதில் வீட்டு வேலைக்குப் போன இடத்தில் பட்ட கொடுமை, உயிரை விட்டுவிடலாமா என்று வந்த எண்ணம், அதற்காகக் கடவுளிடம் பட்ட பயம், எல்லாவற்றையும் தைத்திருக்கிறார். தனக்கு எழுத வராது, அதனால் ஒருவரிடம் நேரில் பேசுகிற மாதிரி இதைப் பதிகிறேன் என்ற பொருளில் ஆரம்பிக்கிறார். கடைசியில் தன் ஆத்மாவின் கதி என்ன ஆகும் என்று கேட்கும் இடத்தில், வாக்கியம் முடியாமலே தையல் நிற்கிறது. அதற்குக் கீழே வெறும் துணி.

இதை 'முடிக்கவில்லை' என்று சொல்லலாமா? துணி மிச்சம் இருந்தது. கை அதுவரை ஒரே சீராகத்தான் போட்டிருக்கிறது, அலுப்பு தெரியவில்லை. அடுத்த சொல் இல்லாததால் நின்ற தையல் என்றுதான் எனக்குப் படுகிறது. எழுதும் பேனாவைப் போல ஊசி வேகமாக ஓடாது. ஒவ்வொரு எழுத்துக்கும் பல தையல். அத்தனை மெதுவாக அந்தக் கேள்விவரை வந்தவர், பொய்யான ஒரு பதிலைத் தைத்துச் சட்டம் போட்டுக்கொள்ளவில்லை. அவர் அதற்குப் பிறகும் வாழ்ந்தார், பள்ளி ஆசிரியை ஆனார், 76 வயதுவரை இருந்தார். தையலைத் தொடரவில்லை, அவ்வளவுதான். பின்னாளில் நல்லெண்ணத்தோடு யாராவது அந்த வாக்கியத்தை முடித்து வைத்திருந்தால், அது ஒரு சாதாரணப் பக்தித் துணி ஆகியிருக்கும்.

இதை வைத்துக்கொண்டு பரண் மேல் இருக்கும் எல்லாத் தலையணை உறையையும் காவியம் ஆக்க வேண்டியதில்லை. அலுத்துப்போய் விட்டதும் உண்டு. பிடிக்காத நிறத்தைத் தெரியாமல் எடுத்ததும் உண்டு. நான் சொல்வது சின்ன விஷயம்: நின்ற இடத்தைப் பாருங்க. ரெண்டாவது கை ஆரம்பத்தில் நின்றதா, நிறம் மாறும் வரிசையிலா, எண்ணிக்கை தப்பின இடத்திலா? அந்த இடம் ஒரு தகவல். அதைப் படிக்காமல் குணத்தைப் படிப்பது சோம்பேறி விமர்சனம்.

வேண்டுமென்றே பாதி

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1982ல் வந்த மரியா மீஸின் 'தி லேஸ் மேக்கர்ஸ் ஆஃப் நர்சப்பூர்' ஆந்திராவின் மேற்கு கோதாவரிப் பகுதியில் குரோஷா லேஸ் போட்ட பெண்களைப் பற்றிய ஆய்வு. அங்கே வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒருத்தி பூக்களை மட்டும் போடுவாள். அவற்றைச் சேர்த்துத் தைக்க வேறு பெண்கள். முழு விரிப்பும் வியாபாரி கையில்தான் உருவாகும், அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகும். பூப் போட்டவளைப் பொறுத்தவரை எந்த விரிப்பையும் அவள் முடித்ததே இல்லை.

மீஸ் கவனித்தது இதுதான்: தினமும் பல மணி நேரம் போன அந்த உழைப்புக்குப் பெயர் ஓய்வு நேர வேலை. அந்தப் பெண்களுக்குப் பெயர் தொழிலாளி இல்லை, இல்லத்தரசி. ஓய்வு நேரம் என்று ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் கூலியைக் குறைக்கலாம். வேலை நின்றால் பழியை அவள்மேலேயே போடலாம், ஓய்வு நேரத்தில்கூட முடிக்கத் தெரியாதவள் என்று.

கம்பெனிப் பக்கம் வந்தால் இதே பாதி வேலைக்கு மரியாதையே வேறு. வெட்டி, பாதி தைத்து, இன்னும் செக்கிங் போகாமல் கிடக்கும் பீஸ் கணக்குப் புத்தகத்தில் 'ஒர்க் இன் ப்ராக்ரஸ்' என்று சரக்கிருப்பில் ஏறும். அதில் போன நூலுக்கும் கூலிக்கும் மதிப்பு உண்டு. 2020ல் கொரோனா வந்து வெளிநாட்டு பிராண்டுகள் ஆர்டரை ரத்து செய்தபோது, முடிந்த சரக்குக்கு மட்டுமில்லாமல் தயாரிப்பில் இருந்த சரக்குக்கும் காசு கொடு என்றுதான் 'பே அப்' இயக்கம் கேட்டது. பாதி தைத்த சட்டையில் போன உழைப்பு முழு உழைப்பு என்பது அதன் வாதம். சரியான வாதம். 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நின்ற தறிகளைப் பார்த்து யாரும் "முடிக்கத் துப்பில்லை" என்று சொல்லவில்லை. கூலி கட்டவில்லை, அதனால் தறி நின்றது என்று எல்லாருக்கும் புரிந்தது.

தறி நின்றால் காரணம் கேட்கிறோம். அம்மிணி ஊசியைக் கீழே வைத்தால் மட்டும் குணம் பேசுகிறோம். நின்றுபோன இரண்டிலும் இருப்பது நூலும் நேரமும்தான். ஒன்றுக்குக் கணக்கு இருக்கிறது, மற்றதுக்கு இல்லை.

பிணைப்பு

2022ல் அமெரிக்காவில் ஜென் சிமோனிக், மேசி காப்லன் என்ற இரண்டு பெண்கள் 'லூஸ் எண்ட்ஸ்' என்றொரு அமைப்பைத் தொடங்கினார்கள். இறந்துபோனவரோ, உடம்பு முடியாதவரோ பாதியில் விட்ட பின்னலை, போர்வையை, முன்பின் தெரியாத தன்னார்வலர்கள் முடித்து அந்தக் குடும்பத்துக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். பார்க்கரின் துணியைப் பற்றி மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் இதை நான் எதிர்க்க வேண்டும். எதிர்க்கவில்லை. காரணம் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. நூலை இழுத்துப் பிடிக்கும் இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். எவ்வளவு கவனமாகப் பின்னினாலும், பழக்கமான கண்ணுக்குக் கை மாறின வரிசை தெரிந்துவிடும். அம்மா எங்கே நிறுத்தினார், அடுத்த கை எங்கே தொடங்கியது என்பது துணியிலேயே இருக்கும்.

சோமனூர்ப் பக்கம் இது புதுசில்லை. தறியில் பழைய பாவு தீரும் நேரத்தில் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்த்துப் பிணைப்பார்கள். அங்கே முடிச்சு தெரிவதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. வேலை தொடர வேண்டும் என்றால் முடிச்சு விழத்தான் செய்யும்.

ஆனால் ஒரு நிபந்தனை வைப்பேன். பின்னினவர் இருக்கும்போது, அவரைக் கேட்காமல் முடித்துக் கொடுப்பது உதவி இல்லை. தொடரவா, பிரிக்கவா, அப்படியே வைக்கவா என்று அவர் சொல்லட்டும். பிரித்து நூலை மீட்பதும் ஒரு முடிவுதான். கம்பளி நூலைத் துவைத்துத் தொங்கவிட்டால் சுருக்கம் போய் அடுத்த தொப்பிக்கு ஆகும்.

அப்படியே வைப்பதாக இருந்தால் ஒன்று செய்யுங்க. கண்ணிகளை ஊசியிலிருந்து ஒரு பருத்தி நூலுக்கு மாற்றிக் கோர்த்து ரெண்டு முனையையும் முடிச்சுப் போட்டு வையுங்க. இரும்பு ஊசியின் துரு ஏறாது, பின்னலும் இறங்காது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ஊசி நம்பர், எந்த வரிசை, நூலின் லாட் நம்பர், யாருக்காக ஆரம்பித்தது, எதனால் நின்றது. திருப்பூரில் ஒவ்வொரு பண்டலுக்கும் சீட்டு இருக்கும், அது எந்த நிலையில் இருக்கிறது என்று. பரண் மேல் இருப்பதற்கும் ஒன்று இருக்கட்டுமே. இருபது வருஷம் கழித்து அதை எடுப்பவர், கடைசி வரியை முதலில் படிப்பார்.