தவிலுக்குப் பக்கத்தில் எந்தக் காப்பு?

கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், சுற்றியுள்ள ஒலி ஏறக்குறைய 85 டெசிபெலை எட்டிவிட்டது என்று பொருள். கெட்டிமேளம் முழங்கும்போது நாயனக்காரரும் தவில்காரரும் கத்தினாலும் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வகுத்த வரம்புப்படி 85 டெசிபெலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒலி 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். ஆகவே மேளக் கலைஞருக்குக் காப்பு வேண்டுமா என்று விவாதிக்க இடமில்லை. எது வேண்டும் என்பதையே எடைபோட வேண்டும்.

பலர் நாடும் பஞ்சு காப்பே அல்ல. அது கூர்மையான ஒலிகளைச் சற்று மழுக்கும். மற்றவற்றை உள்ளே விட்டுவிடும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை இயர் பிளக் விலை குறைவு, தடுப்பு அதிகம். மெல்லிய திரியாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இப்படிச் செருகினால் 25 டெசிபெலுக்கு மேல்கூடக் குறையும். ஆனால் மேல்ஸ்தாயி ஒலிகளையே அது கூடுதலாக விழுங்குகிறது. வலந்தலையில் விரல்கூடு படும் ‘ணங்’ மங்கி, தொப்பியின் கனமே மிஞ்சும்.

மூன்றாவது, வடிகட்டி உள்ள பிளக். காதுக்குழாய் இயல்பாகவே 2,700 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைக் கூட்டித் தருகிறது. அடைத்தால் அந்தக் கூட்டல் போய்விடும். இதை ஈடுகட்டி, எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழ ஒரே அளவு தணிக்க 1988இல் வந்ததுதான் எடிமோடிக் நிறுவனத்தின் ஈஆர்-15. பெயரில் உள்ள 15, அது குறைக்கும் டெசிபெல். 100ஐ 85 ஆக்க அது போதும்.

நுரைதான் கூடுதலாகத் தடுக்கிறதே என்று கேட்கலாம். கணக்கு வேறு சொல்கிறது. 29 டெசிபெல் தடுக்கும் பிளக்கை, சகக் கலைஞரின் வாசிப்பு தெளிவாகக் கேட்கவில்லை என்று இரண்டு மணி நேரக் கச்சேரியில் 12 நிமிடம் கழற்றி வைத்தால், மொத்தப் பாதுகாப்பு 10 டெசிபெலுக்கும் கீழே இறங்கிவிடும். பாதி நேரம் கழற்றினால் கிடைப்பது வெறும் 3. கழற்றத் தோன்றாத 15, கழற்றத் தோன்றும் 29ஐ வெல்லும்.

நாயனக்காரருக்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சீவாளியின் அதிர்வு உதடு, பல், தாடை வழியாக மண்டைக்குள் ஏறுகிறது. காதை அடைத்தால் தன் ஒலியே உள்ளே முழங்கும். ஒத்துச் சுருதி பின்வாங்கும். காதுக்கு அச்செடுத்து, குழாயின் இரண்டாம் வளைவு தாண்டிச் செல்லும்படி செய்த பிளக் இந்த முழக்கத்தைக் குறைக்கும், முழுதாக நீக்காது. விலையும் அதிகம். ஆனால் தனி ஆவர்த்தனத்தில் இந்த மறுப்புக்கு வேலையில்லை. அப்போது அவர் தாளம்தான் போடுகிறார். தவிலோ உச்சத்தில் இருக்கிறது. அங்கே வெறுங்காதோடு உட்கார எந்தக் காரணமும் இல்லை.

பிளக்கை மட்டும் நம்புவதும் தவறு. பித்தளைக் கருவிகளுக்கு முன்னால் அமர்ந்து செவி கெட்ட வயோலாக் கலைஞர் ஒருவரின் வழக்கில், 2018இல் லண்டன் உயர் நீதிமன்றம் ராயல் ஓபரா ஹவுஸையே பொறுப்பாக்கியது. அவருக்குக் காதடைப்பான் தரப்பட்டிருந்தது. எங்கே, எவ்வளவு நெருக்கமாக உட்காருகிறோம் என்பதும் காப்பின் பகுதியே.

என் தீர்ப்பு இது: தவில்காரர் வடிகட்டி பிளக்கை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை அணியட்டும். நாயனக்காரர் அதை வீட்டுச் சாதகத்தில் பழகி, முதலில் தனி ஆவர்த்தனத்துக்கும், பிறகு முழுக் கச்சேரிக்கும் கொண்டுவரட்டும், வாய்ப்புள்ளவர் அச்செடுத்துக்கொள்ளட்டும். நுரை, வாசிக்காமல் நிற்கும் வேளையின் வாணவேடிக்கைக்கு. கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் குருவே முதல் நாளில் வடிகட்டி பிளக்கை வாங்கித் தர வேண்டும். பேரொலியால் இழந்த செவியைத் திருப்பித் தரும் மருத்துவம் இன்னும் வரவில்லை.