வழுவும் மரியாதையும்: கைபேசித் தமிழின் பிழைகள் குறித்து

கைபேசியில் நிகழும் தமிழ் உரையாடல்களில் எழுத்துப்பிழையும் ஒற்றுப்பிழையும் மலிந்துவிட்டன என்னும் குறை ஆசிரியர்களிடமும் எழுத்தாளர்களிடமும் அடிக்கடி கேட்கப்படுகிறது. அக்குறைக்குள் இரண்டு குற்றச்சாட்டுகள் அடங்கியுள்ளன. மொழி கெடுகிறது என்பது ஒன்று. பிழைபட எழுதுபவர் படிப்பவரை மதிக்கவில்லை என்பது மற்றொன்று. முன்னதைப் பற்றி விவாதங்கள் பல நடந்துள்ளன. பின்னதோ ஆராயப்படாமலேயே உண்மையாகக் கொள்ளப்படுகிறது. பிழையான எழுத்து உண்மையிலேயே அவமதிப்பா என்னும் வினாவைத் தமிழ் இலக்கண மரபிடம் வைத்தால் கிடைக்கும் விடை, அக்குறையைச் சொல்வோர் எதிர்பார்க்கும் விடையாக இல்லை. அவ்விடையை, பட்டுக்கோட்டை வட்டாரத்தின் பாட்டுமொழியையும் அவ்வட்டாரம் கண்ட பேரிடர்க்காலச் செய்திமொழியையும் கொண்டு இக்கட்டுரை சோதித்துப் பார்க்கிறது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் தொடங்குவது பொருத்தம். திணை, பால், இடம், காலம், மரபு, செப்பு, வினா ஆகியவற்றில் நேரும் வழுக்களைக் காப்பதும் அமைப்பதும் அவ்வியலின் பெரும்பணி. ஒருவரைப் பன்மையால் சுட்டும் வழக்கத்தை ஆராயுமிடத்தில் தொல்காப்பியர் எடுக்கும் நிலைப்பாடு குறிப்பிடத்தக்கது. தனி ஒருவரை 'அவர் வந்தார்' என்பது உயர்த்திச் சொல்லும் வழக்கில் உள்ளது. ஆனால் இலக்கண நெறியில் அது சரியான சொல்லாறு அன்று என்பதே அவர் முடிவு. ஒருமைக்குப் பன்மை விகுதி வருவது பால் வழு. அவ்வழுவை உலக வழக்கு ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் அது மரியாதையைச் சுமந்ததுதான். தமிழில் மரியாதையின் முதன்மையான இலக்கண வடிவமே மன்னிக்கப்பட்ட ஒரு பிழை எனலாம்.

இதன் அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. தொல்காப்பியர் காலத்தில் 'கள்' விகுதி அஃறிணைப் பன்மைக்குரியது. பின்னர் அது உயர்திணைக்கும் பரவியது. ஏற்கெனவே பன்மையாக நின்ற 'அவர்' என்பதோடு அது சேர்ந்து 'அவர்கள்' பிறந்தது. தஞ்சைப் பகுதியில் ஒரு திருமண அழைப்பிதழை எடுத்தால், பெரியவர் ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னும் 'அவர்கள்' தவறாமல் நிற்கும். தொல்காப்பிய அளவுகோலால் அளந்தால், ஒருமைக்குப் பன்மை வந்தது ஒரு வழு, உயர்திணைக்கு அஃறிணை விகுதி வந்தது மற்றொரு வழு. இரண்டு வழுக்கள் சேர்ந்த அச்சொல்லை விட்டுவிட்டு அழைப்பிதழ் அச்சடித்துவிட்டு உறவினர் வீட்டுப் படியேற முடியுமா என்பது வேறு கேள்வி.

உரையாடலுக்கென்றே உரிய வழுக்களையும் கிளவியாக்கம் பேசுகிறது. வினாவும் விடையும் வழுவாமல் காக்கப்பட வேண்டும் என்பது பொது விதி. அதனையடுத்து ஒரு விலக்கு வருகிறது: விடை நேராக அமையாமல் வழுவினும், கேட்ட பொருளோடு அது பொருந்துமாயின் தள்ளப்படாது. உண்டாயா என்று கேட்டவரிடம் வயிறு வலிக்கிறது என்று சொல்வது விடையின் வடிவில் இல்லை. கேட்டவருக்கு வேண்டியது அதில் கிடைத்துவிடுகிறது. தள்ளப்பட வேண்டிய விடை எது என்பதற்கும் இலக்கண உரைகள் எடுத்துக்காட்டுத் தருகின்றன. கடம்பூருக்கு வழி கேட்டவனிடம் ஒருவன் தன் பசுவின் கன்றைப் பற்றிச் சொல்கிறான். அவன் சொன்ன தொடரில் எழுத்துப் பிழையில்லை, சொற்பிழையில்லை. வழி கேட்டு நின்றவனை அவன் பொருட்படுத்தவில்லை என்பதே குற்றம். உரையாடலில் வழு எது என்பதை மரபு அளந்த கோல் இதுதான்: சொல் எதிரில் நிற்பவரைச் சென்று சேர்ந்ததா?

விரைவுக்கும் இம்மரபில் இடமுண்டு. உண்ண அமர்ந்தவனை அவசரமாகப் போக வேண்டிய ஒருவன் வந்து அழைக்கிறான். இன்னும் உண்டு முடிக்காதவன், முடித்துவிட்டதாகவும் வந்துவிட்டதாகவும் இறந்தகாலத்தில் விடை சொல்கிறான். காலம் பிறழ்ந்த இத்தொடரைத் தொல்காப்பியர் விரைவுப் பொருளில் வந்ததென ஏற்கிறார். நன்னூலாரும் விரைவைக் காலவழுவமைதிக்குரிய காரணங்களுள் ஒன்றாக வைக்கிறார். உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என்னும் உணர்வுகளால் திணையும் பாலும் மயங்குவதையும் நன்னூல் இயல்பென்கிறது. வீட்டுப் பசுவைப் பார்த்து அம்மை வந்தாள் என்பவருக்கு இலக்கணம் தெரியாது என்று எந்த உரையாசிரியரும் சொல்லவில்லை. அன்பு மிகுந்ததால் திணை மயங்கியது என்றே விளக்கினார்கள். வழுவைக் கண்டவுடன் காரணத்தைத் தேடுவது அவர்கள் முறை. இன்று கைபேசியில் பிழையைக் காண்போரிடம் அரிதாகிவிட்டது அம்முறையே.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். மேற்கண்டவை சொல்லதிகார வழுக்கள். லகரமும் ளகரமும் மாறிவரும் எழுத்துப்பிழைக்கு அவற்றை எப்படிச் சான்றாக்குவது? மறுப்பு நியாயமானது. எழுத்தின் செய்தியை ஓலைச்சுவடிகளிடம்தான் கேட்க வேண்டும். சுவடிகளில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவில் வேறுபடா. ரகரமும் காலும் ஒரே கோலம் கொண்டிருக்கும். படிப்பவர்தாம் பொருள் நோக்கிப் பிரித்தறிந்து கொண்டார். ஏடெழுதியோர் இறுதியில் தம் பிழைகளைப் பொறுத்துத் திருத்திக்கொள்ளுமாறு கற்றோரை வேண்டிக்கொள்வதும் உண்டு. காப்பியப் புலவர் அவையடக்கம் பாடினார். ஏடெழுதியவர் பிழைபொறுக்க வேண்டினார். எழுதுபவருக்குப் பணிவும் படிப்பவருக்குப் பொறையும் எனக் கடமை இருபக்கமும் பகிர்ந்திருந்தது. இன்றைய குறைகூறலில் எழுதுபவரின் பங்கு மட்டும் எஞ்சியிருக்கிறது.

'சரியான எழுத்து' என்பதும் அசையாத பொருளன்று. பெரியார் 1935இல் குடிஅரசு இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்று ஆணையிட்டது. லை, ளை, னை, ணா, றா, னா ஆகியவற்றின் இன்றைய வடிவங்கள் அவ்வாறு வந்தவை. இடைப்பட்ட 43 ஆண்டுகளில் பாடநூல் எழுத்தின்படி அவை சரியானவை அல்ல. அவ்வாறு எழுதியோர் படிப்பவரை அவமதித்தனர் என்று இன்று எவரும் கருதுவதில்லை.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டுமொழி இவ்விடத்தில் உதவுகிறது. 1930இல் பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில் பிறந்து, 29 வயதில், 1959இல் மறைந்தவர் அவர். முறையான பள்ளிப்படிப்பு மிகக் குறைவு; பாரதிதாசனிடம் தங்கிப் பயின்ற தமிழ் நிறைய. 1958இல் வெளிவந்த நாடோடி மன்னன் திரைப்படத்தில் அவர் எழுதிய வயற்பாட்டு, உழைக்கும் பெண்ணும் ஆணும் வினவியும் விடையிறுத்தும் நடத்தும் உரையாடலாக அமைந்தது. அதில் 'விளை' என்னும் வினையடி 'வெள' என்றே வருகிறது. பாட்டைப் படியெடுப்பவர் அதனை 'விளைந்து' என்று திருத்தினால் சந்தம் உடையும். பேசுபவர்கள் வயலைவிட்டு வெளியேறிவிடுவார்கள். மேலும் அது ஒழுங்கற்ற திரிபும் அன்று. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது முதலசை இகரம் எகரமாவது பேச்சுத்தமிழின் சீரான விதி: இலை எல ஆகிறது, விலை வெல ஆகிறது. எழுத்தில் பிழையாகத் தோன்றுவது வழக்கின் இலக்கணமாக இருக்கிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் வழக்கையும் செய்யுளையும் ஒருசேர முதலாகக் காட்டியதை இங்கு நினைவுகூரலாம்.

ஆயினும் இச்சான்றை அதன் எல்லைக்கு மேல் இழுக்கக் கூடாது. கவிஞர் தேர்ந்தெடுத்து எழுதினார். கைபேசியில் 'பளம்' என்று எழுதுபவர் பெரும்பாலும் தேர்ந்தெடுத்து எழுதுவதில்லை. வழக்கு வேறு, கவனக்குறைவு வேறு. பேச்சுமொழியின் பெயரால் எல்லாப் பிழைகளையும் நியாயப்படுத்தும் போக்கு, பிழை எல்லாவற்றையும் அவமதிப்பெனும் போக்கைப் போலவே சோம்பலானது. கவனக்குறைவிலும் கருவிக்கு ஒரு பங்குண்டு என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1999இல் சென்னை மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையில் ல, ள, ழ ஒவ்வொன்றுக்கும் தனி விசை உண்டு. பலரும் பயன்படுத்துவதோ ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழ் பெறும் முறை. அதில் எந்த லகரம் என்பதைப் பல வேளைகளில் செயலியே ஊகித்துத் தருகிறது. ஊகம் தவறினால் பழி தட்டியவருக்கு.

அவமதிப்பு எங்கே இருக்கிறது என்பதைக் காவிரிப் படுகை நன்கறியும். பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பகுதிகளில் 1940களில் பி. சீனிவாச ராவ் உள்ளிட்டோர் திரட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக எழுந்தது. அந்தப் பண்ணை வாழ்க்கையில் முதிய தொழிலாளரையும் பண்ணையார் வீட்டுச் சிறுவன் ஒருமையில் விளித்தான். 'வாடா' என்னும் விளியில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஒருவனுக்கு ஒருமை வினை. திணை சரி, பால் சரி, எண் சரி. பிழையே இல்லாத அந்தத் தொடர்தான் ஒரு மனிதனைத் தரையில் அமர்த்தியது. 'வாருங்கள்' என்பது, முன்பு கண்டபடி, வழு. தொழிலாளர் வேண்டி நின்றது அந்த வழுவைத்தான்.

கைபேசி உரையாடலிலும் நிலை வேறன்று. மூத்த ஒருவருக்கு 'சொல்லு' என்று பிழையின்றி எழுதுவதற்கும் 'சொள்ளுங்க' என்று பிழையோடு எழுதுவதற்கும் இடையே எது உறுத்தும் என்பதில் தமிழ் பேசும் எவருக்கும் ஐயம் எழாது. நீண்ட செய்திக்கு 'ம்' என்று மட்டும் விடுக்கும் விடையில் எழுத்துப்பிழை செய்யவும் இடமில்லை. அது எவ்வளவு சில்லிடுகிறது என்பதைப் பெற்றவர்கள் அறிவார்கள்.

அப்படியானால் பிழை எப்போதும் தீங்கற்றதா? 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் இதற்கு விடை தருகிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டங்களில் பல தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. கிடைத்த மின்னேற்றத்தில், கிடைத்த அலைவரிசையில், தார்ப்பாயும் குடிநீரும் கேட்டு அனுப்பப்பட்ட செய்திகளில் ஒற்று மிகுந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பது கடம்பூர்க்காரனின் விடைக்கு ஒப்பாகும். விரைவு அங்கே எல்லாவற்றையும் அமைத்துவிடுகிறது. ஒன்றைத் தவிர: ஊர்ப்பெயர். காடு, கோட்டை, விடுதி, வயல் என்று முடியும் ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் வட்டாரம் அது. முன்பாதியில் ஓரெழுத்து மாறினால் வண்டி வேறு திசையில் போகலாம். வினைமுற்றின் பிழையைப் படிப்பவர் தாமே சரிசெய்து கொள்வார்; பெயரின் பிழையை அவரால் சரிசெய்ய இயலாது. மக்கட்பெயருக்கும் இது பொருந்தும். இருபது முறை கண்ட பெயரை இருபத்தோராம் முறையும் பிழையாக எழுதுபவரிடம், எதிரிலிருப்பவரைப் பார்க்கவில்லை என்று குறைப்பட உரிமை உண்டு.

அதிகாரமும் இக்கணக்கை மாற்றுகிறது. மனு எழுதும் விவசாயியின் பிழையும் அம்மனுவுக்கு அலுவலகம் அனுப்பும் விடையின் பிழையும் ஒன்றல்ல. முன்னவருக்கு நேரமும் பயிற்சியும் குறைவு. பின்னவருக்கு அவை இரண்டும் பணியின் பகுதியாகவே தரப்பட்டிருக்கின்றன. வேலைக் கொடுத்தான், வேலை கொடுத்தான் என்னும் இரண்டையும் ஒற்று எப்படிப் பிரிக்கிறது என்பதை இலக்கண வகுப்பில் காட்டுவதுண்டு. வேல் கொடுப்போர் இல்லாத காலத்தில் நண்பர்களிடையே அது குழப்பம் தராது. அரசாணையிலோ நீதிமன்ற ஆவணத்திலோ விடுபடும் ஓரொற்று யாருடைய நிலத்தையேனும் தொடலாம். பிழைக்கு அஞ்ச வேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள். நடைமுறையில் அச்சம் எதிர்த்திசையில் பாய்கிறது: எழுதத் தயங்கும் முதல் தலைமுறையினரே திருத்தப்படுகின்றனர், அதுவும் பலர் முன்னிலையில்.

மின்தடை நீண்ட ஒரு நாளில், ஊர்க்குழுவில் ஒருவர் 'கரண்ட் எப்ப வறும்' என்று கேட்டதாகக் கொள்வோம். "முதலில் தமிழைச் சரியாக எழுதுங்கள்" என்று வரும் விடையில் வல்லினம் முறைப்படி மிகுந்திருக்கும். ஆனால் செப்பு வழுவிவிட்டது. கேட்டவர் அடுத்த முறை திருந்திய தமிழில் எழுதுவார் என்பதற்கு உறுதியில்லை. ரோமன் எழுத்துக்கோ குரல்பதிவுக்கோ மாறிக்கொள்வது அவருக்கு எளிது. அதே வினாவுக்கு இன்னொருவர், "நாளை மாலைக்குள் வரும்ங்க" என்று எழுதுகிறார். றகரம் இருந்த இடத்தில் ரகரம் வந்து அமர்ந்துவிட்டது. கூடவே எந்த இலக்கணமும் கட்டாயப்படுத்தாத ஒரு 'ங்க'வும்.