பிர்க்கா சதவீதமும் சித்தப்பாவின் கிணறும்

தீபம் முடிஞ்சு ஊரில் இருந்தப்போ சித்தப்பா கேட்டார்: "ஏம்பா, கம்ப்யூட்டர்ல எல்லாம் வருதுன்றியே, நம்ம நிலத்துல போர் போட்டா தண்ணி நிக்குமான்னு பாரு." கிணறு அப்போது கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. மல்லாட்டையை விட்டுட்டு நெல்லுக்கு மாறலாமா என்பதுதான் உண்மையான கேள்வி. போருக்குக் கடன் வாங்கணும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநிலத் துறையும் சேர்ந்து செய்யும் நிலத்தடி நீர் மதிப்பீட்டை எடுத்துப் படித்தேன். 2022 முதல் ஆண்டுதோறும் வருகிறது. ஓராண்டில் மழை, ஏரி, பாசனம் வழியாக மண்ணுக்குள் இறங்கும் நீரில், எடுக்கத்தக்கது எவ்வளவு, அதில் எத்தனை சதவீதம் எடுக்கிறோம் என்பதே கணக்கு. 70 வரை பாதுகாப்பு. 100-ஐத் தாண்டினால் மிகை நுகர்வு.

முதலில் நல்லதைச் சொல்லிடறேன். தமிழ்நாட்டில் ஒன்றியத்துக்குப் பதில் பிர்க்கா அளவில் கணக்கிடுகிறார்கள். சூத்திரங்களும் திறந்தே இருக்கின்றன. யார் வேணும்னாலும் சரிபார்க்கலாம். என் குறை அதில் போடப்படும் எண்களைப் பற்றியது.

ஒன்று, செலவுப் பக்கம். அதில் பெரும்பங்கு விவசாயம். ஆனால் நம் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம். எவ்வளவு நீர் எடுக்கிறோம்னு மீட்டர் சொல்லாது. கிணறுகளின் எண்ணிக்கையைச் சராசரி இறைப்பால் பெருக்குவது போன்ற ஊகம்தான் வழி. ஊகத்தில் பிறந்த சதவீதத்தை இரண்டு தசம இடம் வரை அச்சிடுவதை எந்த இன்ஜினியரும் ஏற்கக்கூடாது.

இரண்டு, ஏரிகள். நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 1.4 மி.மீ. இறங்கும் என்பது பொது விதி. களத்தில் அளந்த எண் இல்லாதவரை, வண்டல் மூடிய ஏரிக்கும் போன கோடையில் தூர்வாரிய ஏரிக்கும் இதே எண்தான்.

மூன்று, கோயில் நகரம். வீட்டுத் தேவையை மக்கள்தொகையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2011-இல் நகரில் சுமார் 1.45 லட்சம் பேர். பௌர்ணமி தோறும் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் நடக்கும் லட்சக்கணக்கானவர்கள் அந்தக் கணக்கில் எங்கே? சாத்தனூர் அணை நீர் நகருக்கு வருவது உண்மை. அது போக, விடுதிகளின் போர்களும் லாரித் தண்ணீரும் இருக்கின்றனவே.

இத்தனை குறை சொன்னாலும், அந்த மதிப்பீட்டின் அடிப்படை எண்கள்தான் எனக்கு உதவின. நம்ம பக்கம் கருங்கல் பூமி; சார்னோகைட்டும் நைஸும். மழையில் உள்ளே இறங்குவது சார்னோகைட்டில் 5 சதவீதம், களிமண் குறைவான சிதைந்த நைஸில் 11 என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆண்டு மழை சுமார் 1000 மி.மீ. அப்படின்னா 50 முதல் 110 மி.மீ. நெல்லுக்கு சுமார் 1200 மி.மீ. தண்ணீர் வேணும். முழுக்கக் கிணற்றுப் பாசனம் என்றால், ஒரு ஏக்கர் நெல்லுக்கு 11 முதல் 24 ஏக்கரில் இறங்கும் மழை தேவை. பாய்ச்சியதில் ஒரு பங்கு திரும்ப இறங்கும், சரி. இருந்தாலும் இடைவெளி பெரிசு. சுமார் 500 மி.மீ. கேட்கும் மல்லாட்டைக்கு இதில் பாதிகூட வேண்டாம்.

அப்போ கிணறு நிறைஞ்சு நிக்குதே? அங்கேதான் ஏமாறுகிறோம். சிதைந்த பாறையில் வடியக்கூடிய நீர் பருமனில் 3 சதவீதம்தான். 110 மி.மீ. இறங்கினாலே நீர்மட்டம் 12 அடி ஏறிவிடும். அதே 110 மி.மீ. இறைத்தால் 12 அடியும் இறங்கிவிடும். ஏறிய வேகம் வளத்தைக் காட்டவில்லை. பாறையில் இடம் குறைவு என்பதைத்தான் காட்டுகிறது. ஆழத்து விரிசலைத் தேடி 800 அடி போர் போட்டாலும் அங்கே தனியாக மழை பெய்வதில்லை. மேலிருந்து கசிந்தால்தான் உண்டு.

இதையெல்லாம் சொன்னதும் சித்தப்பா கேட்டார்: "சரிப்பா, நான் போடல. பக்கத்துக் கொல்லிக்காரன் போட்டுட்டா?"

மதிப்பீட்டில் இதற்குப் பதில் இல்லை. பிர்க்காவுக்குள் யார் எடுப்பது, யார் விடுவது என்று அது சொல்லாது. 2003-இல் கொண்டுவந்த மாநில நிலத்தடி நீர்ச் சட்டமும் நடைமுறைக்கே வராமல் 2013-இல் ரத்தானது. சதவீதத்தைக் கூட்டமாகச் சேர்ந்து ஏற்படுத்துகிறோம். முடிவை மட்டும் ஒவ்வொருத்தரும் தனியா எடுக்கிறோம். என்னைக் கேட்டால் மதிப்பீட்டின் பெரிய ஓட்டை இதுதான். அந்த எண் விவசாயி கைக்கு வருவதே இல்லை.

அதனால் பிர்க்கா சதவீதத்தை ஊர்க்கூட்டத்தில் பேச எடுத்துக்கோங்க. போர் போட இடம் பார்க்க எடுக்காதீங்க. அதுக்கு உங்க கிணற்றை அளக்கணும். ஒரு கயிறு, ஒரு கல், மாசம் ஒரு தடவை. சித்தப்பா தையிலிருந்து மோட்டார் ரூம் சுவரில் கரியால் எழுதி வருகிறார். சித்திரை வரைக்கும் பார்த்துட்டு முடிவு பண்ணலாம் என்றிருக்கிறார். பக்கத்துக் கொல்லிக்காரரும் வந்து அந்தச் சுவரைப் பார்த்துட்டுப் போனாராம்.