யாருடைய டாக்டர்?

‘குடும்ப டாக்டர்’ என்ற சொல்லில் எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். அவர் குடும்பத்தின் டாக்டரா, குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவரின் டாக்டரா? பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் இந்தக் கேள்வி பெரிதாக எழாது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எழும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, வெள்ளைப்படுகிறதா, தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்கிறார். அம்மா பதில் சொல்கிறார். டாக்டர் அதை எழுதிக்கொள்கிறார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் நோயாளி ஒரு வார்த்தை பேசாமலேயே மருந்துச் சீட்டு தயாராகிவிடுகிறது. அந்த அம்மாவும் ஒரு காலத்தில் கணவனோ மாமியாரோ பக்கத்தில் இருக்கத்தான் டாக்டரிடம் பேசியிருப்பார்.

பயிற்சியால் இதை மாற்ற முடியுமா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லேனா சான்சியும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குடும்ப மருத்துவர்களுக்கு ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், பதின்பருவத்தினரைக் கவனிப்பதில் பயிற்சி கொடுத்தார்கள். ஆய்வு 2000இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. பயிற்சி பெற்ற டாக்டர்களின் அறிவும் திறமையும் தன்னம்பிக்கையும் மற்றவர்களைவிடக் கூடின. ஓராண்டு கழித்தும் நிலைத்தன. கூடாதது ஒன்றுண்டு. நோயாளிகளாக நடித்தவர்கள் டாக்டருடனான ஒட்டுதலுக்கும் தங்கள் திருப்திக்கும் போட்ட மதிப்பெண்ணில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பயிற்சி பலித்தது என்று அந்த ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டலாம். எனக்கு இந்த ஒரு முடிவுதான் முக்கியம். டாக்டர் தேறிவிட்டாரா என்பதை எதிர் நாற்காலியில் இருப்பவள் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரையானவர்களின் மனநலத்தையும் அவர்கள்மீதான வன்முறையையும்கூடக் கணக்கில் எடுக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அதன் பயிற்சி அரசு மருத்துவர்களையும் செவிலியர்களையும் மையமாகக் கொண்டது. தெருமுனை கிளினிக்கில் மாலை ஆறு மணிக்கு உட்காரும் டாக்டருக்கு அது எட்டுவதில்லை. அவர் படித்த பாடம் எப்படிப்பட்டது? 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட எம்பிபிஎஸ் பாடத்திட்டம் கன்னித்தன்மையையும் கன்னிச்சவ்வையும் சட்ட மருத்துவப் பாடமாகத் திரும்பக் கொண்டுவந்தது. பெண் ஒருபாலுறவை இயற்கைக்கு மாறான குற்றங்களில் சேர்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பரில் திரும்பப் பெற்றார்கள். கன்னித்தன்மையைத் தேடக் கற்றவர், பதினாறு வயதுப் பெண்ணிடம் காதலைப் பற்றிக் கேட்டால் அது விசாரணையாகத்தான் ஒலிக்கும்.

சட்டமும் கிளினிக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே, விருப்பத்தோடு நடந்தாலும் பாலுறவு குற்றம். தெரிந்தவர் புகாரளிக்க வேண்டும். மறைத்தால் டாக்டரும் சிறைக்குப் போகலாம். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை அந்தப் புகாரில் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொன்னது பெரிய ஆறுதல். அதற்கும் சிறுமியோடு பாதுகாவலரும் சேர்ந்து கேட்க வேண்டும். கருக்கலைப்புக்கே பாதுகாவலரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். வெளியே அனுப்பிய குடும்பம் வேறு கதவு வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

ஆகவே, ‘எதுவும் வெளியே போகாது, சொல்லும்மா’ என்று கொஞ்சிப் பேசக் கற்றுத்தரும் பயிற்சியை நான் நம்பமாட்டேன். அது பொய். எதை என்னால் காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்று கேள்வி கேட்பதற்கு முன்பே அவளிடம் சொல்லப் பழக வேண்டும். அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்வது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான வழக்கமாக வேண்டும்; அப்போதுதான் எந்தப் பெண்மீதும் சந்தேகம் விழாது. உடலைப் பரிசோதிக்கும் முன் அவளிடமே அனுமதி கேட்க வேண்டும். இதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. குடும்பம் கோபித்துக்கொண்டு அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுமோ என்ற பயத்தை டாக்டர் தாண்ட வேண்டும். பணம் தருவது குடும்பம். அதனால்தான் இது நல்லெண்ணத்துக்கு விடப்படாமல், பயிற்சியாகவும் விதியாகவும் இருக்க வேண்டும் என்கிறேன்.