கட்டணம் தேர்ந்தெடுக்கும் படிப்பு

பிளஸ் டூ முடிவு வெளியாகும் காலத்தில், காசில்லாததால் கல்லூரி வாசலை மிதிக்காதவர் இனித் தமிழ்நாட்டில் இல்லை என்ற பெருமைப் பேச்சு தவறாமல் எழுகிறது. அதில் உண்மை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உயர்கல்வியில் சேரும் அரசுப் பள்ளி மாணவ மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. இவற்றால் பல வீடுகளில் முதல் பட்டதாரி உருவாகிறார் என்பதை யாரும் மறுக்க வேண்டியதில்லை.

என் மறுப்பு வேறு. இந்த ஏற்பாடு பெரும்பணத்தைப் பிள்ளையைப் பார்த்துத் தரவில்லை, படிப்பைப் பார்த்துத் தருகிறது. தேனி மாவட்டத்தின் மேகமலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகளை எடுத்துக்கொள்வோம். மலையில் கல்லூரி கிடையாது. அந்த மலைப்பாதையில் சின்னமனூருக்கு இறங்கித் தினமும் போய்வந்து படிக்கவும் முடியாது. எந்தப் பாடம் எடுத்தாலும் அவள் கீழே தங்கித்தான் ஆக வேண்டும். ஒதுக்கீட்டில் பொறியியல் எடுத்தால், தொலைவிலுள்ள தனியார் கல்லூரியானாலும் படிப்பும் தங்குமிடமும் அரசுச் செலவு. வேதியியலோ வரலாறோ படிக்க உத்தமபாளையம் ஹௌதியா கல்லூரிக்குப் போனால் கையில் வருவது அந்த ஆயிரம்தான். விடுதி வாடகை, சாப்பாடு, புத்தகம் என்று கணக்குப் போடும் பெற்றோர் எதைத் தேர்வார்கள்? அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் எவ்வளவு வழிகாட்டினாலும், விலைப்பட்டியல் அதைவிட உரக்கப் பேசுகிறது.

அரசுக் கலைக் கல்லூரிகளில் கட்டணமே சொற்பம்தானே என்பார்கள். மலைப்பிள்ளைக்குப் பாரம் கட்டணமல்ல, தங்கும் செலவு. நலத்துறை விடுதிகள் உண்டே என்றால், இடம் கிடைத்தால்தான் அவை உதவும். ஒதுக்கீட்டில் சேரும் பொறியியல் மாணவிக்கோ தங்கும் செலவு உறுதி செய்யப்பட்ட சலுகை. தொழிற்படிப்புதான் வேலை தரும் என்பது இன்னொரு வாதம். எல்லாப் பொறியியல் கல்லூரியும் எல்லாப் பிரிவும் வேலை தருவதில்லை என்பது ஊரறிந்தது. வேலை கிடைக்காத பிரிவுக்கும் அரசு முழுக் கட்டணம் கட்டுகிறது. திராட்சையும் வாழையும் விளையும் கம்பம் பள்ளத்தாக்குக்கும், ஏலக்காய் வணிகம் நடக்கும் போடிக்கும் தாவரவியல், வணிகவியல் படித்தவர்கள் வேண்டாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஒதுக்கீட்டுப் பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்புவரை கொண்டுவந்த ஆசிரியர்களில் பெரும்பாலோர் கலை, அறிவியல் பட்டதாரிகள். அவர்களுடைய படிப்பை இரண்டாந்தரமாக விலைபோட்டுவிட்டு, நாளைக்கு மலைப்பள்ளிக்கு வேதியியல் ஆசிரியரை எங்கே தேடுவது?

இதற்குத் தீர்வு சிக்கலானதல்ல. தினமும் போய்வரும் தொலைவில் கல்லூரி இல்லாத அரசுப் பள்ளிப் பிள்ளை எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் விடுதிச் செலவை அரசு ஏற்கட்டும். அதுவரை இப்போதைய ஏற்பாட்டைக் கட்டண உதவி என்று மட்டும் சொல்லுங்கள், விருப்பப் படிப்பு என்று சொல்லாதீர்கள்.