தேயிலைப் புழுவின் குடற்காவல்

பூச்சிகளின் உடலில் பிறபொருளெதிரிகள் உண்டாவதில்லை. தீனியோடு உள்ளே போகும் கிருமியைப் பெரும்பாலும் குடலே தடுத்தாக வேண்டும். மஸ்கெலியா போன்ற இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் பீடையான இலைச்சுருட்டுப் புழுவை வைத்து இதை நன்றாக விளங்கிக்கொள்ளலாம். தேயிலை இலைகள் இரண்டு மூன்றைப் பட்டுநூலால் ஒட்டி, உள்ளே இருந்தபடியே அது தின்கிறது. ஒட்டைப் பிரித்துத் தொட்டால் பின்பக்கமாக நெளிந்து நூலில் இறங்கிவிடும். பூச்சி ஆய்வாளர் நீட்னர் 1861இல் கோப்பிப் பீடையாக விவரித்த இந்தப் பூச்சி, கோப்பி அழிந்த மலைகளில் தேயிலையைப் பற்றிக்கொண்டது.

மென்ற இலை நேராகக் குடற்சுவரில் படுவதில்லை. கைட்டினும் புரதமும் சேர்ந்த மென்சவ்வு இடையில் நிற்கிறது. புழுக்களின் நடுக்குடல் கடும் காரத்தன்மை உள்ளது. பல பற்றீரியாக்களுக்கு அதில் பிழைப்பே இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட புழு இனங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான முடிவும் இதற்கு ஒத்தது: குடலில் இருந்தவை சொற்பம், அவற்றிலும் பல இலையோடு வந்தவை.

தேனீயின் நிலை வேறு. அதன் குடலில் நிலையாகக் குடியிருக்கும் பற்றீரியாக்கள் கிருமிகொல்லும் பெப்டைட்டுகளின் சுரப்பைத் தூண்டுவதாக அதே 2017இல் காட்டப்பட்டது. பழ ஈயின் குடல் இன்னும் நுணுக்கமானது. பற்றீரியாச் சுவரின் துணுக்குகளை உணர்ந்தால் அது பெப்டைட்டுகளைச் சுரக்கிறது. தீய பற்றீரியா வெளிவிடும் யுரசில் பட்டால் வீரியமான ஒட்சிசன் சேர்வைகளை உண்டாக்குகிறது. யுரசில் வெளிவிடாத குடியிருப்புப் பற்றீரியாக்கள் இந்தத் தாக்குதலுக்குத் தப்புகின்றன.

தீனியின் பங்கும் சிறிதல்ல. வைரசு தொற்றிய பருத்திப் புழுக்கள் புரதம் கூடிய உணவில் அதிகம் பிழைத்தன. தெரிவு கொடுத்தபோது புரதத்தையே நாடின. இது 2006இல் தெரியவந்தது. ஜிப்சி அந்துப்பூச்சிப் புழுக்களில், இலையின் துவர்ப்புப் பொருள்கள் வைரசின் வீரியத்தைக் குறைத்தன. தேயிலையிலோ துவர்ப்பும் உண்டு, கஃபீனும் உண்டு. கோப்பிக் காய் துளைக்கும் வண்டுக்குக் கஃபீனைச் சிதைத்துக் கொடுப்பவை குடற்பற்றீரியாக்களே. நுண்ணுயிர்கொல்லி ஊட்டியதும் அந்தத் திறன் போய்விட்டது.

தோட்டத்துக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய கேள்வி, பூச்சிமருந்தாகப் பயன்படும் பசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பற்றியது. புழு தின்றதும் இந்தப் பற்றீரியாவின் புரதப் பளிங்குகள் நடுக்குடலின் காரத்தில் கரைந்து சுவரைத் துளைக்கின்றன. குடலில் ஏற்கெனவே இருந்த பற்றீரியாக்கள் அந்த வழியாக இரத்தத்தில் இறங்கினால்தான் சாவு வருகிறது என்று 2006இல் ஜிப்சி அந்துப்பூச்சி ஆய்வு சொன்னது. புகையிலைக் கொம்புப்புழுவில் 2009இல் செய்த சோதனை அதை மறுத்தது. ஊட்டிய நுண்ணுயிர்கொல்லியே முடிவைக் குழப்பியிருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது.

இந்த விவாதம் மலைநாட்டுக்கு அந்நியமானதல்ல. 1930களில் யாவாவிலிருந்து கொண்டுவந்த மக்ரோசென்ட்ரஸ் குளவி, புழுவின் உடலுக்குள் வளர்ந்து அதைக் கட்டுக்குள் வைத்திருந்தது. தண்டு துளைக்கும் வண்டுக்கு அடித்த டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்து குளவிகளை அழித்ததும் இலைச்சுருட்டுப் புழு பெருகியது. குளவியை நேரே கொல்லாத பற்றீரியா மருந்து அதனாலேயே மதிப்புள்ளது. ஆனால் குடலின் நிலை தீனியையும் பொறுத்தது என்பதால், அந்த மருந்தின் வீரியத்தைச் செயற்கைத் தீனியில் வளர்ந்த புழுவில் மட்டும் சோதித்தால் போதாது. தேயிலையையே தின்று வளர்ந்த புழுவிலும் சோதிக்க வேண்டும்.