பூசினாற்போல: நெடிய பெண்ணுடலும் உடைக்குறிப்புகளின் இலக்கணமும்

பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "பொண்ணு நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் பூசினாப்ல இருந்தா நல்லா இருக்கும்." இந்தப் 'பூசினாற்போல' என்ற சொல்லை நாம் போகிறபோக்கில் கேட்டு விட்டுவிடுகிறோம். பூச்சு என்பது சுவருக்கு உரியது. கல்லும் செங்கல்லும் வெளியே தெரியாமலிருக்கப் பூசுவார்கள். பெண்ணுடலில் வெளியே தெரியக் கூடாததாகக் கருதப்படுவது எலும்பு. கழுத்தெலும்பு, தோள்முனை, முழங்கை, மணிக்கட்டு, இடுப்பெலும்பின் மேடு எல்லாவற்றின் மீதும் சதை பூசப்பட்டிருக்க வேண்டும். பூச்சு போதாத உடலுக்கு மாற்றாகத் துணி வருகிறது. 'உங்கள் உடல்வாகுக்கேற்ற உடை' என்ற தலைப்பில் பெண்கள் பத்திரிகைகள் பல ஆண்டுகளாகத் தந்துவரும் குறிப்புகளை இந்த இடத்திலிருந்து படிக்க விரும்புகிறேன்.

உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கும் பெண்களுக்கான குறிப்புகள் அநேகமாக எல்லா இடத்திலும் ஒன்றுதான். நெடுக்குக் கோடு வேண்டாம், குறுக்குக் கோடு போடுங்கள். சிறு புள்ளி வேண்டாம், பெரிய பூ போட்டதை எடுங்கள். கரை அகலமாக இருக்கட்டும். உடம்போடு ஒட்டும் ஷிபானும் ஜார்ஜெட்டும் வேண்டாம், கஞ்சி போட்ட பருத்தி, டஸ்ஸர், ஆர்கன்சா என்று விறைத்து நிற்கும் துணிகள் நல்லது. சேலை ஒரு நிறம், ரவிக்கை வேறு நிறமாக இருந்தால் உயரம் இரண்டாகப் பிரியும். கையில் பஃப் வையுங்கள். கழுத்தெலும்பு தெரியாதபடி கழுத்தை ஏற்றித் தையுங்கள். குதிகால் உயர்ந்த செருப்பைத் தொடாதீர்கள்.

இந்தக் குறிப்புகள் பொய்யல்ல. கோடுகளும் நிறங்களும் கண்ணை ஏமாற்றும் என்பது உண்மைதான். நான் கேட்பது வேறு. தமிழாசிரியர் என்ற முறையில் இவற்றின் வாக்கிய அமைப்பைப் பாருங்கள் என்கிறேன். 'அகலக் கரை உயரத்தைக் குறைத்துக் காட்டும்.' எழுவாய் கரை. செயப்படுபொருள் உயரம். 'காட்டும்' பயனிலை. இதில் பெண் எங்கே? உடுத்துகிறவள் வாக்கியத்துக்குள்ளேயே இல்லை. 'காட்டும்' என்றால் யாருக்கு என்ற கேள்வி வர வேண்டும். அந்த நான்காம் வேற்றுமையும் இல்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதால் அது தொக்கி நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கு, தெருவுக்கு, அலுவலகத்துக்கு, உறவில் உள்ள பெரியவர்களுக்கு என்று நாம் ஒவ்வொருவரும் அவரவர் அனுபவத்திலிருந்து அதை நிரப்பிக்கொள்கிறோம். கட்டளையிடுகிறவர் பெயரில்லாமலேயே கட்டளை நிறைவேறுகிறது.

நான் பிறந்த ஊரின் பெயரிலேயே குள்ளம் இருக்கிறது. கடலூரிலிருந்து நெய்வேலி போகும் சாலையில் உள்ள குள்ளஞ்சாவடி. அந்த ஊரில் ஐந்தடி ஒன்பது அங்குலம் வளர்ந்த பெண்ணுக்கு என்ன பெயரெல்லாம் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பனமரம், ஒட்டடைக்குச்சி, கொக்கு, மூங்கில். ஊர்ப்பெயரை வைத்தே ஒரு கேலி தனியாக உண்டு. ஆணின் உயரத்துக்கும் நம்மிடம் கேலி உண்டு. ஆனால் நெடிய ஆண் 'ஆஜானுபாகு' ஆகிவிடுவான். அந்தச் சொல்லுக்கு நம் பேச்சுவழக்கில் பெண்பால் இல்லை. நெட்டைச்சிதான் உண்டு. மணமகன் மணமகளைவிட ஓர் அங்குலமாவது உயரமாக இருக்க வேண்டும் என்பது எந்தச் சாதகத்திலும் எழுதப்படாத பொருத்தம். அதைப் பதினோராவது பொருத்தமாக எல்லாச் சாதியும் கடைப்பிடிக்கிறது.

இதன் விளைவை நான் வகுப்பறையில் பார்க்கிறேன். உயரமான மாணவிகள் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறார்கள். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்று பள்ளியில் தொடங்கிய பழக்கம் அது. எழுந்து பதில் சொல்லும்போது முழங்காலை லேசாக மடித்து நிற்கிறார்கள். தோழிகளோடு புகைப்படம் எடுக்கும்போது கேட்காமலேயே குனிந்துகொள்கிறார்கள். தோளை முன்னால் குவித்து மார்பை உள்ளிழுத்து நடந்து, இருபது வயதில் கழுத்து வலி என்று வருகிறார்கள். நெடிய பெண் முதலில் உடுத்தக் கற்றுக்கொள்வது கூனலை. அதற்குத் துணி வேண்டாம், செலவும் இல்லை. 'உயரத்தைக் குறைத்துக் காட்டும்' என்ற வாக்கியம் தண்டுவடத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. உடைக்குறிப்பை வெறும் பொழுதுபோக்குப் பக்கம் என்று நான் ஒதுக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சேலை எல்லா உடலுக்கும் பொருந்தும் என்று ஒரு பெருமை பேசப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்று கடையில் எடுக்கும் சேலையின் நீளம் சுமார் ஐந்தரை மீட்டர். அகலம் பெரும்பாலும் 44 முதல் 48 அங்குலம். அந்த அகலத்தைத் தீர்மானிப்பது தறி. இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் 152 சென்டிமீட்டரை ஒட்டியது, அதாவது ஐந்தடி. அவளுக்கு இந்த அகலம் மிஞ்சும், கூடுதலாகச் செருகிக்கொள்வாள். என் உயரத்தில் இடுப்பே தரையிலிருந்து 42 அங்குலத்துக்கு மேல். செருகுவதற்கு மூன்று அங்குலம் போய், இடுப்பின் வளைவுக்குக் கொஞ்சம் போய், செருப்பின் உயரமும் சேர்ந்தால் 44 அங்குலச் சேலையில் கணுக்கால் வெளியே நிற்கும். நெசவுக்குப் பேர்போன குறிஞ்சிப்பாடி எங்களுக்குப் பக்கத்து ஊர். சேலைக்கடையில் "அகலம் எவ்வளவு?" என்று கேட்டால் விற்பவர் முந்தானையை விரித்துக் காட்டுவார். அகலத்தைக் கேட்கும் வாடிக்கையாளர் அபூர்வம் என்பதால் அந்தக் கேள்வியே காதில் ஏறுவதில்லை.

கணுக்கால் தெரிவது ஏன் குறையாயிற்று? பின்கொசுவம் வைத்துக் கட்டிய நம் பாட்டிமார் கணுக்காலுக்கு மேலேதான் கட்டினார்கள். நாற்று நடவும் கடலை பிடுங்கவும் அதுதான் வசதி. தரையைத் தொடும் கட்டு பொதுவழக்கான பிறகுதான் அதே கணுக்கால் 'சேலை பத்தவில்லை' என்று சொல்ல வைத்தது. உழைக்கிறவளின் அளவு போய், உழைக்காதவளின் அளவு இலக்கணமாயிற்று. இன்றும் எங்கள் பக்கத்து முந்திரிக் காடுகளில் சேலைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். வெயிலும் முள்ளும் படாமலிருக்க அது. அந்தச் சட்டையின் கை நீண்ட கைக்கும் மணிக்கட்டு வரை வரும். அழகுக்குறிப்பு எழுதுகிறவர்கள் அந்த உடையைப் பற்றி எழுதியதில்லை. அது யாருக்கும் எதையும் 'காட்டுவதற்காக' உடுத்தப்படுவதல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஒல்லி என்பது வெறும் உடல்வாகு மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 18.7 சதவீதம் பேர் இருக்க வேண்டிய எடைக்குக் கீழே இருக்கிறார்கள். எலும்பு தெரியும் உடலைப் பார்த்து முகம் சுளிக்கும் கண்ணுக்குள் வறுமையைப் பார்த்து விலகும் கண்ணும் இருக்கிறது. பூசினாற்போல இருப்பது சாப்பாட்டுக்குக் குறைவில்லாத வீட்டின் சான்றிதழ். ஆகவே 'குண்டாகக் காட்டும்' உடை என்பதில் சாதியும் வர்க்கமும் சேர்ந்தே நெய்யப்பட்டிருக்கின்றன.

நம் கவிதை மரபுக்கு வருவோம். மூங்கிலைப் பெண்ணுடலுக்கு முதலில் உவமையாக்கியவர்கள் சங்கப் புலவர்கள். ஆனால் அது தோளுக்கு மட்டும். கணுக்களுக்கிடையே பருத்துத் திரண்டிருப்பதும் வழவழப்பும்தான் உவமையின் அடிப்படை. மூங்கிலின் மிக வெளிப்படையான குணமாகிய உயரத்தைத் தலைவிக்கு அவர்கள் கொடுக்கவில்லை. பின்னால் வந்த கேசாதிபாத வருணனைகள் கூந்தலில் தொடங்கிப் பாதம் வரை இறங்கும். எல்லா உறுப்பும் திரட்சி, மென்மை, வளைவு. இடைக்கு மட்டும் மெலிவு அனுமதி. எலும்புக்கு அங்கே இடமே இல்லை. 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வெளிவந்தபோது எழுந்த கூச்சலை நினைத்துப் பாருங்கள். ஆண்கள் ஆயிரம் முறை பாடிய உறுப்பைப் பெண் தன்னுடையதாகச் சொன்னதே குற்றமாயிற்று. அப்படியானால் யாருமே பாடாத தோளெலும்பையும் கணைக்காலையும் யார் சொல்வது?

சொன்ன ஒருத்தி இருக்கிறாள். காரைக்கால் அம்மையார். எங்கள் ஊரிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே போனால் அவர் ஊர். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெண்பேயை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறார். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, நீண்ட பல், மேடிட்ட கணுக்கால் எலும்பு, நெடிய கணைக்கால். கேசாதிபாதம் செய்கிற அதே வேலையை, அது மறைக்கும் பொருளை எடுத்துக்கொண்டு செய்கிறார். நெடுநெடுவென்று எலும்பும் மூட்டுமாக நிற்கும் பெண்ணுடல் தமிழ்க் கவிதையில் வெட்கமில்லாமல் முழுதாக நிற்கும் இடம் இது. தன்னை அவர் 'காரைக்கால் பேய்' என்றே பெயர் சொல்லிக்கொள்கிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதற்குக் கதைக்காரணம் தருகிறார். கணவன் பரமதத்தன் விலகி, பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொண்டு, தேடி வந்தவளின் காலில் விழுகிறான். அவனுக்காகச் சுமந்த தசை இனி எனக்கு வேண்டாம் என்று புனிதவதி அதை உதறுகிறாள். தசை யாருக்காக என்ற கேள்விக்கு, அழகுக்குறிப்புகள் சொல்லாமல் விட்ட அந்த நான்காம் வேற்றுமைக்கு, பெரியபுராணம் நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறது: கணவனுக்காக.

சோழர்காலச் சிற்பிகள் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கன்சாஸ் நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் உள்ள செப்புத்திருமேனிகளில் விலா எலும்புகள் தெரிய, கையில் தாளத்தோடு அவர் அமர்ந்திருக்கிறார். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவனின் காலடியில் இருக்கிறார். சினிமாவுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. 1973இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமி. உருமாறிய பிறகு கே.பி. சுந்தராம்பாள். அவருடைய குரலுக்கு ஈடில்லை. ஆனால் எலும்புருவம் அங்கே தாய்மையின் நிறைந்த உருவமாக மாறிவிட்டது. பேய்க்கும் பூச்சு பூசிவிட்டார்கள்.

அம்மையாரைக் கொண்டாடும்போதே ஒரு கேள்வியையும் கேட்கத்தான் வேண்டும். எலும்போடு வாழ ஒரு பெண் மனைவியாக இருப்பதை விட்டு, ஊரை விட்டு, பேயாகிச் சுடுகாட்டுக்குப் போக வேண்டுமா? மரபு நமக்கு வைத்திருப்பது இரண்டே இடங்கள். பூசினாற்போலத் தலைவி, பூச்சில்லாத பேய். இரண்டுக்கும் நடுவில் பேருந்துக்குக் காத்திருக்கும், சம்பளம் வாங்கும், சேலை எடுக்கும் சாதாரண நெடிய பெண்ணுக்கு இடமில்லை.

அந்த இடத்தை நவீன அளவுமுறை தரும் என்றும் நம்ப முடியாது. ஆப்பிள், பேரிக்காய், மணற்கடிகாரம், செவ்வகம் என்று பெண்ணுடலைப் பிரிக்கும் வழக்கத்தில் நெடிய கோணல்மாணலான உடல் 'செவ்வகம்'. மணற்கடிகாரமே இலக்கு, மற்றவை அதிலிருந்து விலகிய பிழைகள். ஆயத்த ஆடை அளவுகளுக்கான பெரிய கணக்கெடுப்பு 1939-40இல் அமெரிக்க வேளாண்மைத் துறை நடத்தியது. ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தார்கள்; வெள்ளையரின் அளவுகளை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். நம் நாட்டில் நிஃப்ட் நிறுவனம் 'இந்தியாசைஸ்' என்று 25,000 பேரை அளக்கத் திட்டமிட்டபோது தேர்ந்தெடுத்த ஆறு நகரங்களில் தமிழ்நாட்டு நகரம் ஒன்றுகூட இல்லை. எந்தச் சராசரி வந்தாலும் சராசரிக்கு வெளியே ஒருத்தி நிற்பாள். அவள் பிழையல்ல என்று அட்டவணை சொல்லாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

'அப்படியானால் அழகாக உடுத்தவே கூடாதா?' என்று மாணவிகள் கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்குக் கைத்தறிப் பருத்தி பிடிக்கும், அகலக் கரையும் பிடிக்கும். அலங்கரிப்பதும் பழுதுபார்ப்பதும் ஒன்றல்ல என்பதே என் வாதம். தமிழில் 'எடுப்பாக இருக்கிறது' என்ற நல்ல சொல் இருக்கிறது. எடுப்பு என்றால் தூக்கி நிறுத்துவது, உள்ளதை முன்னால் கொண்டுவருவது. உள்ளதை மறைத்துவிட்டு அதை எடுப்பு என்று சொல்ல முடியாது. நெடுக்குக் கோடு நெடிய உடலில் எடுப்பாகத்தான் இருக்கும்; அது உயரத்தை உயரமாகவே விடுகிறது.

ஆகவே சில காரியங்களைச் செய்யலாம். சேலைக்கடையில் விலையைக் கேட்பதற்கு முன் அகலத்தைக் கேளுங்கள்; 48 அங்குலம் வேண்டும் என்று சொல்லி எடுங்கள். நாம் கேட்டால்தான் நெய்கிறவருக்கும் தெரியும். பாவாடையைச் சராசரி அளவில் வாங்காமல் உங்கள் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை அளந்து தைக்கக் கொடுங்கள். தையற்காரரிடம் சுடிதாரின் கையை மணிக்கட்டுவரை வைக்கச் சொல்லுங்கள். "ஒல்லியா தெரியுமேம்மா" என்பார். தெரியட்டும் என்று சொல்லுங்கள். அடுத்த முறை ஓர் உடைக்குறிப்பைப் படிக்கும்போது, 'காட்டும்' என்ற சொல்லுக்கு முன்னால் 'யாருக்கு' என்று பென்சிலால் எழுதிவிட்டுப் படியுங்கள். விடையாக வரும் ஆளுக்காக உங்கள் தோளை ஓர் அங்குலம் குறுக்குவது தகுமா என்று யோசியுங்கள். யோசிக்கும்போது நிமிர்ந்து உட்காருங்கள்.